கல்லாவின் மேல் எழுந்த கம்பெனி



சென்ற மாதச் செயற்குழுக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, நம்மிடம் நீண்ட நாளாகச் சரக்கெடுக்கும் இளம் மளிகைக் கடைக்காரர் ஒருவர் ஒரு ஒப்பந்தத் தாளை நீட்டினார். பணப் பட்டுவாடா செய்யும் ஒரு கம்பெனியின் ஆள் அவர் கடைக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனது. வாடிக்கையாளர்கள் அவர் கடையிலேயே பணம் போடலாம், எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் கடைக்காரருக்குக் கமிஷன் உண்டு. "அண்ணாச்சி, கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டார்.

ஆறு பக்கம். பொடி எழுத்து. முழுவதும் ஆங்கிலம். நமக்குத் தெரிந்த பள்ளிக்கூட ஆங்கிலத்தை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்ததில், நான்காம் பக்கத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. இந்தக் கடையில் வேறு எந்தக் கம்பெனிக்கும் இதே வேலையைச் செய்து தரக் கூடாது என்பது அதன் சாரம். "ஒரு வாரம் பொறுங்கள் தம்பி, விசாரித்துச் சொல்கிறோம்" என்று தாளை வாங்கி வைத்துக்கொண்டோம்.

அந்த ஒரு வாரத்தில் நாம் தேடிப் படித்தது கென்யா நாட்டுக் கதை. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள அந்த நாட்டில் சஃபாரிகாம் என்ற செல்போன் கம்பெனி, சிறு கடைக்காரர்களின் கல்லாவை நம்பி வளர்ந்து, நாட்டின் மிகப் பெரிய கம்பெனிகளுள் ஒன்றாகி நிற்கிறது. அந்த வளர்ச்சியில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியதும் உண்டு, எச்சரிக்கையாக இருக்க வேண்டியதும் உண்டு. இரண்டையும் உறுப்பினர்கள் முன் வைப்பது நம் கடமை என்று எண்ணியே இதை எழுதுகிறோம்.

கால் கிலோ கேட்டவனுக்குக் கால் கிலோ

கென்யாவில் தபாலும் தொலைபேசியும் ஒரே அரசுக் கழகத்தின் கையில் இருந்தன. அந்தக் கழகத்துக்குள் 1993-இல் ஒரு பிரிவாகத் தொடங்கியதுதான் சஃபாரிகாம். 1997-இல் தனிக் கம்பெனியாகப் பதிவாயிற்று. 2000-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வோடஃபோன் கம்பெனி 40 சதவீதப் பங்கை வாங்கி நிர்வாகப் பொறுப்பை ஏற்றது. அப்போது சஃபாரிகாமுக்கு இருந்த வாடிக்கையாளர்கள் 20 ஆயிரம் பேர் கூட இல்லை. சுமார் 3 கோடி மக்கள் வாழ்ந்த நாட்டில் தரைவழித் தொலைபேசி இணைப்புகளே ஏறக்குறைய 3 லட்சம்தான்.

அந்த நிலைமை நமக்குப் புரியாததல்ல. 1978-இல் நாம் கடைப் பையனாக இருந்தபோது, விருதுநகரில் வற்றல் விலை என்ன என்று கேட்க டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுத் தொலைபேசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மதியம் லைன் கிடைப்பதற்குள் விலை மாறியிருக்கும். விலை தெரியாமல் கொள்முதல் செய்து கையைச் சுட்டுக்கொண்ட நாட்கள் எத்தனையோ!

2000-இல் சஃபாரிகாமின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் மைக்கேல் ஜோசப் என்பவர். அதே சமயத்தில் கென்செல் என்ற போட்டிக் கம்பெனியும் களத்தில் இறங்கியது. கென்செல் நிமிடக் கணக்கில் கட்டணம் வாங்கியது. 20 விநாடி பேசினாலும் ஒரு நிமிடக் காசு. சஃபாரிகாம் விநாடிக் கணக்கில் வாங்கியது. பேசிய அளவுக்குக் கொடுத்தால் போதும். இதை நம் பாஷையில் சொன்னால், ஒருவர் ஒரு கிலோவாகத்தான் வாங்க வேண்டும் என்றார். மற்றவர் கால் கிலோ கேட்டவனுக்குக் கால் கிலோ நிறுத்துக் கொடுத்தார். கூட்டம் எந்தக் கடைக்குப் போகும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அத்தோடு நிற்கவில்லை. பேசுவதற்கான ரீசார்ஜ் அட்டைகளை 20 ஷில்லிங், 10 ஷில்லிங், 5 ஷில்லிங் என்று சிறு தொகைகளிலும் அச்சிட்டுப் பெட்டிக்கடைகளில் தொங்கவிட்டார்கள். தன் கணக்கில் உள்ள பேச்சு இருப்பில் ஒரு பகுதியை இன்னொருவருக்கு அனுப்பும் வசதியையும் கொடுத்தார்கள். அன்றாடக் கூலிக்காரரும் காய்கறி விற்கும் பெண்மணியும் வாடிக்கையாளர்கள் ஆனார்கள். மைக்கேல் ஜோசப் 2010-இல் பொறுப்பிலிருந்து விலகியபோது வாடிக்கையாளர் எண்ணிக்கை 1 கோடியே 60 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

இங்கே நம்மையே நாம் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். அரை மூட்டை துவரம் பருப்பு கேட்டு வந்த சில்லறைக் கடைக்காரரை, "மூட்டையைப் பிரிக்க மாட்டோம், வேண்டுமானால் முழுசாக எடுத்துப் போங்கள்" என்று திருப்பி அனுப்பிய மொத்த வியாபாரிகள் நம்மில் எத்தனை பேர்? நாமும் அனுப்பியிருக்கிறோம். அப்படிப் போனவர்கள் அடுத்த தெருவில் பிரித்துக் கொடுத்தவரிடம் போனார்கள்; பிறகு முழு மூட்டை எடுக்கும் அளவுக்கு வளர்ந்த போதும் அங்கேயேதான் எடுத்தார்கள். சிறு துளி பெரு வெள்ளம் என்று கடைச் சுவரில் எழுதி வைத்தால் போதாது. தராசிலும் அது தெரிய வேண்டும்.

இரண்டு கல்லா

கம்பெனியின் உண்மையான வளர்ச்சி 2007-க்குப் பிறகுதான் வந்தது. அந்த ஆண்டு மார்ச் 6-ஆம் தேதி எம்-பெசா என்ற சேவையைத் தொடங்கினார்கள். எம் என்பது மொபைல். பெசா என்பது சுவாஹிலி மொழியில் பணம். அந்தச் சொல் வேறு எங்கிருந்தும் போனதல்ல. நம் நாட்டுப் 'பைசா'தான். கடைக்கு அங்கே 'டூக்கா' என்று பெயர். அதுவும் வடநாட்டில் வழங்கும் 'துக்கான்' என்ற சொல்தான். ஆங்கிலேயர் காலத்தில் குஜராத்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் போன நம்மவர்கள் அங்கே கடை விரித்தார்கள். 1920 வரை அங்கே ரூபாயே புழக்கத்தில் இருந்தது. வியாபாரி போகும் இடமெல்லாம் அவன் பேச்சும் போகிறது.

எம்-பெசா எப்படி நடக்கிறது என்பதைப் பேரேட்டுக் கணக்காகவே சொல்லிவிடலாம். கடைக்காரருக்கு இரண்டு கல்லா. ஒன்று மேசையில் இருக்கும் ரொக்கக் கல்லா. மற்றொன்று போனில் இருக்கும் மின்பணக் கல்லா. நைரோபியில் வேலை செய்யும் ஒருவர் கடைக்கு வந்து ரொக்கத்தைக் கொடுக்கிறார். கடைக்காரர் அந்தத் தொகையைத் தம் போனிலிருந்து அவர் போனுக்கு மாற்றுகிறார். ரொக்கம் ஏறுகிறது, மின்பணம் இறங்குகிறது. அவர் அதைக் கிராமத்தில் இருக்கும் தாயாருக்குக் குறுஞ்செய்தி போல அனுப்புகிறார். தாயார் தம் ஊர்க் கடையில் போனைக் காட்டி, அடையாள அட்டையைக் காட்டி ரொக்கம் வாங்கிக்கொள்கிறார். அந்தக் கடையில் ரொக்கம் இறங்குகிறது, மின்பணம் ஏறுகிறது. பணம் போடுவதற்குக் கட்டணம் இல்லை. அனுப்பவும் எடுக்கவும் கட்டணம் உண்டு. கம்பெனி வாங்கும் அந்தக் கட்டணத்திலிருந்து கடைக்காரர்களுக்குக் கமிஷன் போகிறது. மக்களின் பணம் கம்பெனியின் சொந்தக் கணக்கில் சேராமல் வங்கியில் அறக்கட்டளைக் கணக்கில் தனியாக இருக்கிறது.

இதை முதலில் இதற்காகத் திட்டமிடவில்லை என்பது வியப்பு. 2005-இல் சோதனையாகத் தொடங்கியபோது, சிறு கடன் வாங்கியவர்கள் தவணையைப் போன் மூலம் கட்டுவதற்கே ஏற்பாடு செய்திருந்தார்கள். மக்களோ அதை ஒருவருக்கொருவர் பணம் அனுப்பப் பயன்படுத்தினார்கள். கம்பெனிக்காரர்கள் பிடிவாதம் பிடிக்காமல் வாடிக்கையாளர் காட்டிய வழியில் போனார்கள். ஊருக்குப் பணம் அனுப்புங்கள் என்பதையே விளம்பரமாக வைத்தார்கள். அதுவரை ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டுமென்றால் பஸ்ஸில் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவது வழக்கம். போய்ச் சேர்ந்தால்தான் நிச்சயம்.

2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு கென்யாவில் பெரும் கலவரம் மூண்டது. 2008 ஜனவரியில் வங்கிகள் மூடிக்கிடந்தன, சாலைகள் அடைபட்டன. அந்த நாட்களில் அகப்பட்டுக்கொண்ட உறவினர்களுக்குப் போன் வழியாகத்தான் பலரால் பணம் அனுப்ப முடிந்தது. மக்களுக்கு நம்பிக்கை பிறந்தது அப்போதுதான் என்று சொல்வார்கள். அந்த ஆண்டின் இறுதியில், இது பாதுகாப்பானதா என்று ஆராய நிதியமைச்சகம் உத்தரவிட்டது. 2009 ஜனவரியில் பயமில்லை என்று அறிக்கை வந்தது. வங்கிகள் எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருக்க, எம்-பெசா ஓடிக்கொண்டே இருந்தது. 2022-இல் கென்யாவில் மாதந்தோறும் அதைப் பயன்படுத்துவோர் 3 கோடியை எட்டினர். பேச்சுக் கம்பெனியாகத் தொடங்கிய சஃபாரிகாமின் சேவை வருவாயில் இன்று ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு இந்தப் பணப் பட்டுவாடாவிலிருந்து வருகிறது. ஊர் மக்களுக்கும் பயன் இல்லாமலில்லை. இதனால் 1 லட்சத்து 94 ஆயிரம் குடும்பங்கள் கடும் வறுமையிலிருந்து மீண்டதாகத் தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2016-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

கம்பெனியின் பங்குகளையும் பொதுமக்கள் வாங்கினார்கள். 2008-இல் அரசு தன்னிடமிருந்ததில் 25 சதவீதத்தைப் பங்கு 5 ஷில்லிங் வீதம் விற்றபோது 8 லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தார்கள். சில மாதங்களிலேயே விலை 5 ஷில்லிங்குக்குக் கீழே இறங்கியது. பதறி விற்றவர் கையைச் சுட்டுக்கொண்டார். பல ஆண்டுகள் பொறுத்தவர் லாபம் பார்த்தார். அது வேறு கதை.

மூலதனம் யாருடையது?

இந்த வளர்ச்சிக்குக் காரணம் கம்பெனியின் கோபுரங்கள் என்று பலர் எழுதுகிறார்கள். கோபுரம் போட்டிக் கம்பெனிக்கும் இருந்தது. சஃபாரிகாமிடம் அதிகமாக இருந்தது கடை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கடைகள் எம்-பெசா முகவர்களாயின. வங்கிக் கிளை இல்லாத ஊரிலும் கடை உண்டு. வங்கி மூடிய பிறகும் கடை திறந்திருக்கும். வங்கியில் படிவம் நிரப்பத் தெரியாமல் கூசி நிற்பவர், கடைக்காரரிடம் கூசுவதில்லை. "இவர் ஏமாற்ற மாட்டார்" என்று ஊரார் அந்தக் கடைக்காரர் மேல் வைத்திருந்த நம்பிக்கையின் மேல்தான் அந்தக் கம்பெனி தன் பெயர்ப்பலகையை மாட்டியது. அந்த நம்பிக்கை கம்பெனி கொண்டு வந்த மூலதனமல்ல. கடைக்காரர் பல வருடம் சரியாக நிறுத்துக் கொடுத்துச் சேர்த்தது.

அவர் போட்ட மூலதனம் அது மட்டுமல்ல. இரண்டு கல்லாவிலும் எப்போதும் பணம் இருக்க வேண்டும். கிராமத்துக் கடையில் பணம் எடுப்பவர்களே அதிகம். அங்கே ரொக்கம் தீர்ந்து போகிறது. நகரத்துக் கடையில் போடுபவர்கள் அதிகம்; அங்கே மின்பணம் தீர்ந்து போகிறது. இரண்டையும் சமன் செய்யக் கடையைப் பூட்டிவிட்டோ ஆளை வைத்துவிட்டோ வங்கிக்கு நடக்க வேண்டும். ரொக்கத்தோடு நடக்கும்போது வழிப்பறி பயம். கள்ள நோட்டு வந்தால் நஷ்டம் கடைக்காரருக்கு. போலிக் குறுஞ்செய்தியைக் காட்டி ஏமாற்றுகிறவர்களும் உண்டு.

நம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். இப்படி ஒரு வேலைக்காக 50 ஆயிரம் ரூபாயை ஒதுக்கி வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை வட்டிக்கு வாங்கிய பணமானால் மாதம் 750 ரூபாய் வட்டிக்கே போய்விடும். சொந்தப் பணமானால், அதையே சரக்கில் போட்டு மாதம் நான்கு முறை புரட்டி, முறைக்கு 2 சதவீதம் நின்றாலும் 4 ஆயிரம் ரூபாய். கமிஷன் இதற்கு மேல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதே சமயம், பணம் எடுக்க வந்தவர் வெறுங்கையோடு போக மாட்டார். அரை கிலோ சர்க்கரையும் ஒரு சோப்பும் வாங்கிப் போவார் என்பதையும் வரவில் எழுத வேண்டும். கென்யாவில் பலர் இந்தக் கூட்டத்துக்காகவே இதை எடுத்து நடத்துகிறார்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். கல்லாவில் போடுவதை அளக்காமல் போடலாமா?

ஒரே வாசல்

இனி அந்த நான்காம் பக்கத்து வரிக்கு வருவோம்.

சஃபாரிகாமும் தன் முகவர்களிடம் அதே நிபந்தனையைத்தான் வைத்திருந்தது. எம்-பெசா செய்யும் கடை வேறு கம்பெனியின் பணப் பட்டுவாடாவைச் செய்யக் கூடாது. முன்பு கென்செல் என்றிருந்த போட்டிக் கம்பெனி பல கை மாறி 2010-இல் நம் நாட்டுப் பார்தி ஏர்டெல் கைக்கு வந்திருந்தது. நல்ல கடையெல்லாம் ஒருவரிடமே கட்டுப்பட்டுக் கிடந்தால் மற்றவர் எங்கே போய்க் கடை தேடுவார்? போட்டிகளைக் கவனிக்கும் ஆணையத்திடம் ஏர்டெல் முறையிட்டது. 2014 ஜூலையில் அந்தக் கட்டு அவிழ்ந்தது. முகவர்கள் யாருக்கும் வேலை செய்யலாம் என்றாயிற்று. 2007-லிருந்து 2014 வரை ஏழு ஆண்டுகள்! அதற்குள் மக்கள் அந்த ஒரு சேவைக்கே பழகிவிட்டார்கள். கதவு திறந்தபோது உள்ளே வருவதற்கு ஆள் அதிகம் இல்லை.

கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. கடைக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, பலகை மாட்டியது, கண்காணிக்க ஆள் போட்டது எல்லாம் அவர்கள் செலவு. அந்தச் செலவில் தயாரான கடையில் அடுத்தவர் வந்து உட்காரலாமா என்று அவர்கள் கேட்பதில் தப்பில்லை. ஆனால் கடை வாடகையும் மின் கட்டணமும் கடைக்காரர் கட்டுகிறார். பிஸ்கட் கம்பெனி ஒன்று வந்து ஓர் அலமாரியைக் கொடுத்துவிட்டு, வேறு பிஸ்கட் விற்காதே என்றால் நாம் ஒப்புவோமா? அலமாரியில் அடுத்தவர் சரக்கை வைக்க வேண்டாம் என்றால் சரி. கடையிலேயே வைக்க வேண்டாம் என்றால் அது கடையை எழுதிக் கேட்பதாகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2012-இல் ஒரு வங்கியோடு சேர்ந்து போன் வழியாகவே சிறு கடன் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். முப்பது நாள் கடனுக்கு ஏழரை சதவீதக் கட்டணம். நம் ஊர்க் கணக்கில் இது ஏழரை வட்டி! வாடிக்கையாளர் இருப்புக்கு மேல் செலவு செய்ய உதவும் இன்னொரு திட்டமும் 2019-இல் வந்தது. மாதக் கடைசியில் நோட்டில் எழுதிக்கொண்டு வட்டியில்லாமல் அரிசி கொடுப்பது நம்மைப் போன்ற கடைக்காரர். அந்த உறவின் இடத்தில் போன் கடன் வந்து உட்கார்ந்தால், வாடிக்கையாளரின் கையிருப்பும் குறையும், நம் வசூலும் பின்னுக்குப் போகும்.

நாம் பட்டது

தூரத்து நாட்டுக் கதையை மட்டும் சொல்லி முடித்தால் நியாயமாகாது. சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியில் ஒரு செல்போன் கம்பெனி திடீரென்று சேவையை நிறுத்தியது. நம்மிடம் சரக்கெடுக்கும் கடைகளில் பெரும்பாலோர் அதற்கு ரீசார்ஜ் போட்டு வந்தவர்கள். முன்பணம் கட்டி வாங்கிய இருப்பு ஒவ்வொருவர் போனிலும் 800, 1,500 என்று நின்றது. விநியோகஸ்தர், கம்பெனியைக் கேளுங்கள் என்றார். கம்பெனியின் எண் எடுக்கப்படவேயில்லை.

கணவரை இழந்து, தனியாக ஒரு சிறு கடையை நடத்தி வரும் அம்மா ஒருவர் இருக்கிறார். கம்பெனி நின்ற வாரத்தில் மூன்று மாத ரீசார்ஜ் போட்டிருந்த பன்னிரண்டு பேர் அவர் கடை வாசலில் வந்து நின்றார்கள். "கம்பெனி யாரென்று எங்களுக்குத் தெரியுமா? உங்களைத்தானே தெரியும்" என்றார்கள். அந்த அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அத்தனை பேருக்கும் கையிலிருந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்த மாதம் நமக்கு வர வேண்டிய பாக்கிக்கு அவகாசம் கேட்டு வந்தபோதுதான் விஷயம் நமக்குத் தெரிந்தது. "பணம் போனால் போகிறது அண்ணாச்சி, நாளைக்கு உப்பு வாங்க அவர்கள் நம்மிடம்தானே வர வேண்டும்" என்றார். நாம் அவகாசம் கொடுத்தோம். ஆனால் சங்கமாக அன்று நாம் எதுவும் செய்யவில்லை. மனு ஒன்று எழுதலாம் என்று பேசினோம்; பேச்சோடு நின்றது. அந்தக் குறை இன்றும் நம் மனத்தில் இருக்கிறது.

நம் நாட்டிலும் எம்-பெசா வந்து போனது பலருக்குத் தெரியாது. 2013-இல் வோடஃபோன் இங்கே அதைக் கொண்டு வந்தது, 2019-இல் மூடியது. தென்னாப்பிரிக்காவில் 2010-இல் தொடங்கி 2016-இல் மூடினார்கள். ஒரு நாட்டில் ஓடிய வண்டி இன்னொரு நாட்டில் ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. நம் நாட்டில் 2016-இல் யு.பி.ஐ. வந்தது. எந்த வங்கிக் கணக்கும் எந்தச் செயலியும் ஒன்றோடொன்று பேசும்படி அதை அமைத்தார்கள். ஆகவே கடையில் ஒட்டிய ஓர் அட்டையிலேயே யார் வேண்டுமானாலும் பணம் செலுத்தலாம். 2020 ஜனவரி முதல் அதற்கு வியாபாரியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் ஆயிற்று. கென்யாக் கடைக்காரர் ஏழு ஆண்டு காத்திருந்து பெற்ற சுதந்திரம் இந்த ஒரு விஷயத்தில் நமக்கு முதல் நாளே கிடைத்துவிட்டது. மளிகையில் நூற்றுக்கு மூன்று, நான்கு நிற்பதே பெரிது. அதில் ஒரு ரூபாய் கட்டணமாகப் போனால் என்ன மிஞ்சும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் அருமை புரியும். கிடைத்த அந்த உரிமையை வேறொரு தாளில் கையெழுத்துப் போட்டு நாமே கொடுத்துவிடக் கூடாது.

நமது கருத்து

புதிய வசதிகளை வேண்டாம் என்று சொல்வது நம் நோக்கமல்ல. தராசுத் தட்டு போய் மின் தராசு வந்தபோதும், சிட்டை போய்க் கணினி பில் வந்தபோதும் முணுமுணுத்துக்கொண்டே பழகியவர்கள்தான் நாம். கடையில் பணம் போடவும் எடுக்கவும் வசதி வந்தால் வயதானவர்களுக்கும் தூரத்துக் கிராமத்தாருக்கும் நல்லது. கடைக்கும் கூட்டம் வரும். ஆனால் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பின்வரும் ஐந்தையும் கேட்டுப் பெற வேண்டும் என்பது நமது கருத்து.

முதலாவது, ஒப்பந்தம் தமிழில் வேண்டும். படிக்காத தாளில் கையெழுத்து வேண்டாம். இரண்டாவது, வேறு கம்பெனிக்கு வேலை செய்யக் கூடாது என்ற வரியை அடித்துவிட வேண்டும். மூன்றாவது, கமிஷனைக் குறைப்பதானால் மூன்று மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். முதல் வருடம் தேனாக இருந்து அடுத்த வருடம் பாதியாகக் கரையும் கமிஷன்களை நாம் எவ்வளவோ பார்த்திருக்கிறோம். நான்காவது, கம்பெனி நின்றாலும் நாம் விலகினாலும் நம் இருப்புப் பணம் குறித்த நாளுக்குள் திரும்பி வர வேண்டும். வாடிக்கையாளர் பணத்துக்கும் கம்பெனியே பொறுப்பு என்று எழுதியிருக்க வேண்டும். ஐந்தாவது, தகராறு வந்தால் பேசுவதற்கு இந்த ஊரிலேயே பெயரும் முகவரியும் உள்ள ஓர் ஆள் வேண்டும்.

இதைத் தனித்தனியாகக் கேட்டால் எவரும் காது கொடுக்க மாட்டார்கள். ஒரு கடை இல்லையென்றால் அடுத்த கடை என்று கம்பெனிக்காரர் போய்விடுவார். நூறு கடைகள் ஒரே குரலில் கேட்டால் அவர் நின்று பேசியே ஆக வேண்டும். ஏனென்றால் கடை இல்லாமல் அவருக்கு வியாபாரம் இல்லை. கென்யாவின் கதை நமக்குச் சொல்வது இதைத்தான். அங்கே கம்பெனிக்குக் கடைக்காரர் எவ்வளவு தேவைப்பட்டார் என்பது கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. கடைக்காரர்கள் அதைத் தெரிந்துகொள்ள நாளாயிற்று.

தாளை நீட்டிய தம்பியிடம் ஒரு வாரம் கழித்து இதையே சொன்னோம். அவர் சற்று ஏமாற்றத்தோடு, "பக்கத்துக் கடைக்காரர் போட்டுவிட்டார் அண்ணாச்சி, நான் மட்டும் நின்றால் கூட்டம் அங்கே போய்விடுமே" என்றார். அவர் சொல்வதும் உண்மைதான். ஆகவேதான் இதை அவரிடம் மட்டும் சொல்லி நிறுத்தாமல் இந்த ஏட்டில் எழுதுகிறோம். பக்கத்துக் கடைக்காரரும் நம் சங்க உறுப்பினர்தான். அவரும் இதைப் படிப்பார்.

வரும் பொதுக்குழுவில் இந்த ஐந்து கோரிக்கைகளையும் தீர்மானமாகக் கொண்டு வர இருக்கிறோம். இது போன்ற தாள் உங்கள் கடைக்கும் வந்திருந்தால் கையெழுத்துப் போடும் முன் ஒரு நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுத்துச் செல்லுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்களும் கூச்சப்படாமல் கொண்டு வாருங்கள். அந்த அம்மா விஷயத்தில் நாம் செய்யத் தவறியதை இந்த முறையாவது செய்வோம்.

வாழ்க வணிகம்! ஓங்குக ஒற்றுமை!